முதலில் கைப்பிடி, அப்புறம் கைக்கடிகாரம்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. தனியாக இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால், 'என் வீட்டில்தான் இருப்பேன்' என்கிறார். போன மாதம் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை. முதியோர் பாதுகாப்புக் கருவிகள் விற்கும் ஒருவர் கேமரா, சென்சார், விழுந்தால் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம், குரலுக்கு எரியும் விளக்கு எல்லாவற்றையும் மொத்தமாகப் பொருத்தித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த விளக்கை விட்டுவிட்டால், அவர் சொல்லும் பொருட்கள் எல்லாம் அம்மா விழுந்த பிறகு உங்களுக்குச் செய்தி சொல்பவை. உங்களுக்கு வேண்டியது அம்மா விழாமல் இருக்க வழி.

ஒருநாள் இரவு அம்மாவோடு தங்குங்கள். அவர் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது கூடவே நடந்து, அவர் கை தானாக எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். கட்டில் விளிம்பு, நாற்காலி முதுகு, கதவுத் தாழ்ப்பாள், துண்டு போடும் கம்பி. கை போகிற இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கைப்பிடி வர வேண்டியது அங்கேதான். தரையிலிருந்து 85 முதல் 90 செ.மீ. என்பது பொதுவான உயரம். அம்மா குள்ளமாக இருந்தால் அவர் கோடுதான் கணக்கு.

துண்டுக் கம்பி கைப்பிடி ஆகாது. அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. ஓட்டை போடாமல், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வட்டில் ஒட்டி நிற்கும் கைப்பிடிகளும் வேண்டாம். டைல்ஸ் இணைப்பு வழியாகக் காற்று புகுந்தால் பிடி விட்டுவிடும். எப்போது விடும் என்று தெரியாது. ஒரு வீட்டில் புதிதாகப் போட்ட கைப்பிடியைச் சோதிக்க ஒரு கையால் இழுத்தேன். டைல்ஸோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. ஸ்க்ரூ டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் போகவே இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு வாரமாக அதைப் பிடித்துத்தான் எழுந்துகொண்டிருந்தார். பொருத்தியவர் கிளம்புவதற்கு முன் அவரையே உடல் எடை முழுவதையும் போட்டுத் தொங்கச் சொல்லுங்கள். தயங்கினால் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்க விதிப்படி கைப்பிடி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்க வேண்டும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி போதும். அதிகம் இருந்தால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் தவறுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு கை பலவீனம் என்றால், பக்கவாதமோ தோள்பட்டை வலியோ எதுவானாலும், கைப்பிடி நல்ல கையின் பக்கம் வர வேண்டும். பொருத்த வருபவர் கழிப்பறை இருக்கையைப் பார்த்து நின்றுகொண்டு 'வலது பக்கம்தானே?' என்று கேட்டு அடித்துவிட்டுப் போவார். அம்மா உட்காரும்போது திரும்பித்தானே உட்காருவார்? அவர் வலது இவருக்கு இடது. ஆகவே அம்மாவை உட்காரவைத்து, எழச் சொல்லி, அப்புறம் கோடு போடுங்கள். வாசலிலும் இதே சிக்கல். உள்ளே போகும்போது வலது கையில் இருந்த கம்பி, வெளியே வரும்போது இடது பக்கம் ஆகிவிடும். அதனால் வாசலில் இரண்டு பக்கமும் தேவை. ஒன்று போதும் என்று சொல்பவர் அம்மா திரும்பி வருவதை யோசிக்கவில்லை.

அடுத்தது வெளிச்சம். 20 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. உங்களுக்குப் போதுமான விளக்கு அம்மாவுக்கு இருட்டு. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகளை முழங்காலுக்குக் கீழே பொருத்துங்கள், கண் கூசாது. விலை குறைவு என்பதால்தானோ என்னவோ, இதை யாரும் தனியாக விற்க வருவதில்லை. வழியில் கிடக்கும் கால்மிதி விரிப்புகளை இன்றே எடுத்துவிடுங்கள்.

மாத்திரைகளையும் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்காரட்டும், மருத்துவரிடமும் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பக்கம் பக்கமாக மருந்துச் சீட்டு தருகிறார்கள். உங்கள் கழிப்பறை எத்தனை அடி தூரம், வழியில் படி இருக்கிறதா என்று ஒரு வரி கேட்பதில்லை. எத்தனை வருடம் சொல்லியும் இது மாறவில்லை.

சரி, கைக்கடிகாரம். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக இருப்பவர் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால், முறிவே இல்லாவிட்டாலும் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆனால் சார்ஜ் போடக் கழற்றி வைத்தால் அது மேசையில்தான் இருக்கும். சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்தால், விழுந்ததாகவே அதற்குத் தெரியாமல் போகலாம். எனவே குளிக்கும்போதும் போட்டுக்கொள்ளும்படி தண்ணீர் புகாததாக, அழுத்தினால் உடனே அழைக்கும் பொத்தானோடு வாங்குங்கள். மாதச் சந்தா எவ்வளவு, அழைத்தால் எடுப்பது யார், நடுராத்திரியிலும் எடுப்பார்களா, பாதியில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'இன்றைக்கு மட்டும் சலுகை' என்பவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல் பொருள் பட்டியல் தருபவருக்கு அந்தப் பட்டியலில் கமிஷன் இருக்கிறது.

கேமராவை அம்மாவைக் கேட்காமல் வைக்கவே வேண்டாம்.

கடைசியாகக் குளியலறைக் கதவு. அது உள்பக்கமாகத் திறந்தால், அம்மா விழுந்து கதவை அடைத்துக் கிடக்கும்போது யாராலும் உள்ளே போக முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்துவிடுங்கள். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் கிடைக்கிறது. அதையும் போட்டுவிட்டு, எப்படித் திறப்பது என்று பக்கத்து வீட்டாருக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.