ஒன்பது பதிவு போட்டாச்சு, விளம்பரம் வைக்கலாமா?

வலைப்பூவில் விளம்பரம் வைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். இரண்டே நாளில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில் சொல்பவனைப் பற்றி இரண்டு வரி: பதினோரு வருடமாக எழுதுகிறேன், கையில் இரண்டு வலைப்பூக்கள். ஒன்றில் விளம்பரம் உண்டு, இன்னொன்றில் கிடையாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பிளாக் ஆரம்பித்து ஐந்து வாரம், ஒன்பது பதிவு. ஆட்சென்ஸுக்கு (தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் சேவை) இப்போதே விண்ணப்பிக்கலாமா அண்ணா, ஆறு மாதம் பொறுக்க வேண்டுமா?

இதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பிக்கலாமா என்றால், தாராளமாக. மாதம் இத்தனை பார்வை இருந்தால்தான் சேர்ப்போம் என்று ஆட்சென்ஸ் வரம்பு எதுவும் வைக்கவில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், அவர்களுடைய விதிகளுக்குள் இருக்க வேண்டும்.

வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு நான் மாதத்தையும் எண்ணுவதில்லை, பதிவையும் எண்ணுவதில்லை. உங்களைத் தெரியாத ஒருவர், நீங்கள் லிங்க் அனுப்பாமல், தானாகத் தேடி வருகிறாரா? அதை மட்டும்தான் பார்ப்பேன். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். இரண்டு வாரம் புதிதாக எதுவும் எழுதாதீர்கள், எங்கும் பகிராதீர்கள், நண்பர்கள் குழுவிலும் வாய் திறக்காதீர்கள். அப்புறம் கூகுள் தேடலில் இருந்து வந்த கிளிக்கைக் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து அந்தப் பதினான்கு நாளுக்கான கிளிக்கைப் பாருங்கள். கோடு விழாமல் ஓடியிருந்தால் உங்களிடம் டிராஃபிக் இருக்கிறது. தரையோடு தரையாகப் படுத்துவிட்டால், இதுவரை வந்ததெல்லாம் சொந்தபந்தம். அவர்களுக்கு விளம்பரம் காட்டி என்ன ஆகப்போகிறது?

பொதுவாகச் சொல்லாதீர்கள் சார், ஒரு எண் சொல்லுங்கள். எத்தனை பார்வை வந்தால் வைக்கலாம்?

சரி, கணக்கே போட்டுவிடலாம். ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் வருமானத்தை ஆர்பிஎம் என்பார்கள். கணக்குக்காக அதை ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 பார்வை வந்தால் 3 டாலர். ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அந்தக் கடிதம் கிளம்பவே நான்காவது மாதம் ஆகிவிடும். பணம் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். அதற்கு 34 மாதம். கிட்டத்தட்ட மூன்று வருடம் வருகிற எல்லோருக்கும் விளம்பரம் காட்டி, ஒரே ஒரு முறை பணம் பார்ப்பீர்கள்.

அதே வலைப்பூவுக்கு மாதம் 30,000 பார்வை வந்தால் நான்காவது மாதத்திலேயே 100 டாலர் தாண்டிவிடும்.

நான் கைக்கணக்காக வைத்திருப்பது 10,000. தேடலில் இருந்து மட்டும் மாதம் 10,000 பார்வை, அதுவும் தொடர்ந்து மூன்று மாதம். ஒரு பதிவு திடீரென்று பரவி ஒரே மாதத்தில் வந்த பத்தாயிரத்தை நான் சேர்த்துக்கொள்வதில்லை. இது விதி அல்ல, என் பழக்கம். ஆர்பிஎம்மும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கடன், காப்பீடு, மென்பொருள் பற்றி எழுதினால் கூடுதலாக வரும், கவிதைக்கும் சிறுகதைக்கும் அடிமட்டத்தில் இருக்கும். வாசகர் எந்த நாட்டில் இருந்து படிக்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறும்.

இன்னொன்று. வருடக் கடைசியில் விளம்பரதாரர்கள் அள்ளிச் செலவழிப்பார்கள், ஜனவரியில் கையை இறுக்கிக்கொள்வார்கள். டிசம்பரில் விளம்பரம் வைத்தவர்கள் ஜனவரி பிறந்ததும் "என் தளத்துக்கு என்ன ஆச்சு?" என்று பதறுவது வருடாவருடம் நடக்கிறது. தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆரம்பத்திலேயே வைத்தால் வாசகர்கள் பழகிவிடுவார்கள், பின்னால் வைத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. இரண்டாம் முறை நான் விளம்பரம் வைத்தபோது கண்டித்து இரண்டு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர்களில் ஒருவர் இன்றும் படிக்கிறார். ஆக, கோபித்துக்கொள்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சொல்லாமல் போகிறவர்கள்தான் பிரச்சினை.

"இரண்டாம் முறை" என்றேன். முதல் முறை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது பதிவிலேயே வைத்தவன் நான். தலைப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, முதல் பத்தி முடிந்ததும் ஒன்று. கணினியில் பார்த்தபோது ஏதோ பெரிய பத்திரிகை மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பெரியவர் எழுதினார்: "தம்பி, கட்டுரை எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல." மொபைலில் திறந்து பார்த்தேன். முதல் திரையில் தலைப்பின் பாதியும் ஒரு காலணி விளம்பரமும். கட்டைவிரலால் இரண்டு முறை தள்ளிய பிறகுதான் என்னுடைய முதல் வாக்கியம் வந்தது, அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த விளம்பரம். பதினோரு மாதத்தில் சேர்ந்தது 14 டாலர். எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். திரும்ப வைத்தது மூன்றாம் வருடம், அதுவும் தேடலில் ஆள் வரும் பதிவுகளில் மட்டும்.

புதிய வாசகருக்கு உங்களை யாரென்றே தெரியாது. இருந்து படிப்பதா, திரும்பிப் போவதா என்று முதல் திரையிலேயே முடிவு செய்துவிடுகிறார். அந்த இடத்தை யாருக்காவது வாடகைக்கு விடுவதென்றால் வாடகையாவது உருப்படியாக வர வேண்டாமா?

"குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் 45 பதிவுகள் இருக்கின்றன. இன்னும் எத்தனை எழுத வேண்டும்?

எண்ணிக்கை குறைவதால் வரும் பதில் அல்ல அது. உங்கள் தளத்தைப் பார்த்தேன். மெனுவில் எட்டுப் பிரிவுகள், அதில் மூன்றைத் தொட்டால் வெறும் பக்கம். 45 பதிவில் இருபதுக்கு மேல் நான்கைந்து வரிச் செய்திகள், அதே விஷயம் நூறு இடத்தில் கிடைக்கும். "எங்களைப் பற்றி" பக்கத்தில் தீமோடு, அதாவது தள வடிவமைப்போடு, வந்த மாதிரி வாசகம் அப்படியே இருக்கிறது.

காலிப் பிரிவுகளை எடுத்துவிடுங்கள். துண்டுப் பதிவுகளில் ஒரே விஷயம் பேசுகிறவற்றைச் சேர்த்து ஒரே முழுப் பதிவாக்குங்கள், மற்றவற்றை அழித்துவிடலாம். தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம் வேண்டும், விளம்பரங்கள் குக்கி (வாசகரின் பிரவுசரில் சேமிக்கப்படும் சின்னக் கோப்பு) பயன்படுத்துவதை அதில் சொல்ல வேண்டும். 45 என்பது 22 ஆகிவிட்டால் பரவாயில்லை. அப்புறம் விண்ணப்பியுங்கள். எதையும் மாற்றாமல் வாரம் ஒரு முறை பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

என் தம்பி தினமும் என் தளத்துக்கு வந்து இரண்டு விளம்பரத்தைக் கிளிக் செய்கிறான். நல்லதுதானே?

இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அது செல்லாத கிளிக். கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும். நீங்களும் உங்கள் விளம்பரத்தைத் தொடக்கூடாது, "எங்களை ஆதரிக்க விளம்பரத்தைத் தொடுங்கள்" என்று எழுதவும் கூடாது. மேலே "விளம்பரங்கள்" என்று மட்டும் போடலாம்.

இன்னொரு வேடிக்கை, தம்பியின் உழைப்புக்கு இப்போது பலனும் பெரிதாக இல்லை. 2003-ல் ஆட்சென்ஸ் வந்த நாளில் இருந்து கிளிக்கை வைத்துத்தான் பெரும்பாலும் காசு கணக்கிட்டார்கள். 2024 தொடக்கத்தில் அதை மாற்றிவிட்டார்கள், விளம்பரம் காட்டப்படுவதை வைத்துத்தான் கணக்கு.

எத்தனை விளம்பரம், எங்கெங்கே?

மொபைலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கணினியில் பதிவுக்குப் பக்கத்தில் அழகாக நிற்கும் சைட்பார் மொபைலில் பதிவுக்குக் கீழே போய் விழும், அங்கே வைத்த விளம்பரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். பெட்டர் ஆட்ஸ் என்ற தரவிதிகளின்படி மொபைலில் பதிவின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருக்கக் கூடாது. திரையை மறைத்துக் குதிக்கும் பாப்-அப், தானாகச் சத்தத்தோடு ஓடும் வீடியோ இவையும் கூடாது. இதை மீறும் தளங்களில் 2018-ல் சில நாடுகளிலும் 2019 ஜூலை முதல் உலகம் முழுவதும் குரோம் பிரவுசரே விளம்பரங்களை மறைக்கத் தொடங்கியது. 30 என்பது உச்சவரம்பு. புதிய தளத்துக்கு அதில் பாதியே அதிகம் என்பேன். முதல் மூன்று பத்தியை விட்டுவிடுங்கள், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று, போதும்.

பலர் கவனிக்காத ஒன்று இடம் ஒதுக்குவது. வாசகர் படித்துக்கொண்டிருக்கிறார், ஒரு லிங்கைத் தொடப் போகிறார், அந்த நொடி மேலே விளம்பரம் வந்து உட்கார்ந்து பத்தி முழுவதும் கீழே இறங்குகிறது. விரல் விளம்பரத்தில் படுகிறது. அவர் உங்களைத்தான் திட்டுவார். இந்தக் குதிப்பை அளக்கும் சிஎல்எஸ் என்ற எண்ணை கூகுள் 2020-ல் அறிமுகப்படுத்தியது, 0.1-க்குள் இருந்தால் நல்லது. மருந்து எளிது: 300×250 விளம்பரம் என்றால் அந்தப் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல் என்று முன்பே எழுதிவிடுங்கள். விளம்பரம் தாமதமாக வந்தாலும் எழுத்து நகராது. விளம்பரத்துக்கான இடத்தைக் கூகுளே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஆட்ஸை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முடுக்கிவிடாதீர்கள், எங்கெங்கேயோ செருகும்.

ஐரோப்பிய வாசகர்கள் கொஞ்சம் பேர் உண்டு. ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம். விளம்பரக் குக்கிக்கு அவர்களிடம் சம்மதம் கேட்கும் பெட்டி வேண்டும். 2024 ஜனவரி முதல், தன்னிடம் சான்று பெற்ற கருவி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்கிறது கூகுள். ஆட்சென்ஸுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, அதுவே போதும்.

கேமராக்கள் பற்றி எழுதுகிறேன். மாதம் 1,500 பார்வைதான். எனக்கு வழியே இல்லையா?

உங்களுக்கு விளம்பரத்தை விட அஃபிலியேட்தான் சரி, அதாவது உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் உங்களுக்குப் பங்கு. ஆயிரத்து ஐந்நூறு பார்வைக்கு விளம்பரம் காட்டினால் ஒன்றும் வராது. ஆனால் "இந்த இரண்டு லென்ஸில் எதை வாங்கலாம்" என்று தேடி வந்தவர் வாங்கும் மனதோடு வந்தவர், அப்படி வந்தவர்களில் நாலு பேர் உங்கள் லிங்க் வழியாக வாங்கினாலே அதை மிஞ்சிவிடும். அமேசானில் சேர்வதானால் அவசரப்படாதீர்கள். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். ஒப்பிட்டு எழுதிய நாலைந்து பதிவுகள் தயாரான பிறகு சேருங்கள். லிங்க் வழியாக வாங்கினால் எனக்குப் பங்கு வரும் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். லிங்கின் நிரல்வரியில் ஸ்பான்சர்டு (rel="sponsored") என்ற குறிப்பைச் சேருங்கள், கூகுள் 2019-ல் அதற்கென்றே கொண்டுவந்தது.

கவிதை எழுதுகிறேன். மாதம் இருநூறு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார்கள். விளம்பரம்?

வேண்டாம் தோழி. என்னுடைய இரண்டாவது வலைப்பூ இப்படித்தான், ஆகவேதான் அங்கே ஒன்றும் இல்லை. அந்த நூறு பேரின் மின்னஞ்சலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு போடும்போது முதலில் அவர்களிடம்தான் போவீர்கள்.

மீடியாவைன் போன்ற பெரிய விளம்பர நிறுவனங்களில் நேரடியாகச் சேரலாமா?

வாசல் அங்கே உயரம். மீடியாவைன் 2020-ல் மாதம் 25,000 செஷன் என்றிருந்ததை 50,000 ஆக்கியது. இன்று ராப்டிவ் எனப்படும் ஆட்திரைவ் வெகுகாலம் ஒரு லட்சம் பார்வை கேட்டது. இந்த எண்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்தில் பாருங்கள். பார்வையும் செஷனும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள், ஒருவர் ஒரே வருகையில் ஐந்து பக்கம் படித்தால் ஐந்து பார்வை, ஒரே செஷன்.

இலவச வலைப்பூவில் வைக்க முடியுமா?

பிளாகரில் முடியும். வேர்ட்பிரஸ் டாட் காம் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் ஓடும், காசு அவர்களுக்கு.

ஒரு நிறுவனம் பதிவு ஒன்றுக்குப் பணம் தருகிறேன் என்கிறது. விளம்பரம் என்று மட்டும் போடக்கூடாதாம்.

அந்த "மட்டும்" இருக்கிறதே, அதற்குத்தான் பணம் தருகிறார்கள். மறுத்துவிடுங்கள். சொல்லிப் போடலாம் என்பவர்கள் வரும்வரை பொறுங்கள்.

ஏற்கெனவே வைத்துவிட்டேன். நாற்பது பதிவு, மாதம் 600 பார்வை, நான்கு விளம்பரம். எடுத்துவிடவா?

முழுவதையும் எடுக்க வேண்டாம். மூன்றை எடுத்துவிட்டு, பதிவின் முடிவில் இருப்பதை மட்டும் விடுங்கள். கணக்கு அப்படியே இருக்கட்டும், அப்ரூவல் வாங்கிய கஷ்டம் வீணாக வேண்டாம். எடுக்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவர் சராசரியாக எத்தனை பக்கம் படித்தார், திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இரண்டு எண்ணையும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.