லவோதிக்கேயா பழங்காலத்தில் நெசவு நகரமாக வளர்ந்தது ஏன்?

லவோதிக்கேயா என்பது இன்றைய துருக்கியின் தெனிஸ்லி நகருக்கு அருகே, லைக்கஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் செலூக்கிய மன்னர் இரண்டாம் ஆண்டியோக்கஸ் நிறுவி, தம் மனைவி லவோதிக்கேயின் பெயரைச் சூட்டிய நகரம்.

ஏஜியன் கடற்கரையிலிருந்து அனத்தோலியாவின் உட்பகுதிக்குச் செல்லும் பெருவழி இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாகவே சென்றதால், சுற்றுப்புற ஆட்டு மந்தைகளின் கம்பளி இங்கேயே துணியாகி வெளியூர்ச் சந்தைகளுக்கு எளிதாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பளி மிலேட்டஸ் நகரக் கம்பளியைவிட மென்மையானது, காக்கைக் கருமை கொண்டது, நகரத்தார்க்கு நல்ல வருவாய் தருவது என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியுள்ளார்.

பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில், இன்று பாமுக்கலே எனப்படும் வெண்படிவப் பாறைகளின் மேல் அமைந்த ஹியராபொலிஸ் நகரம் சாயத்தொழிலில் சிறந்தது. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்க மறுப்பதைப் போல, சாயம் பிடிப்பதும் நீரில் கரைந்துள்ள தாதுக்களைப் பொறுத்தது. அங்குள்ள நீரில் வேர்ச்சாயம் தோய்த்த கம்பளி, விலையுயர்ந்த ஊதாச் சாயமேற்றியதற்கு நிகராக இருந்ததாம். செல்வச் செழிப்பு எவ்வளவு என்றால், கி.பி. 60இல் நிலநடுக்கம் சிதைத்த லவோதிக்கேயா ரோமின் உதவியின்றித் தன் சொந்தப் பணத்தில் எழுந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார்.

லவோதிக்கேயாவின் கறுப்புக் கம்பளியையும் சாயமேற்றியது என்று பலர் எண்ணுகின்றனர். ஸ்ட்ராபோ சொல்வதோ அந்த ஆடுகளின் இயற்கை நிறத்தை.