மின்மினி என்னும் பெயர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர்களுக்கான சிறு அறிவியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் ‘மின்மினி’ பதிவை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பூச்சியைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன். ஆனால் தேடத் தேட அந்தப் பெயர் எங்கெங்கோ தட்டுப்படுகிறது. ஆய்வகத்தில் ஒரு நொதி, கணினியில் ஒரு அல்காரிதம், நிலவில் இறங்கிய கலம், இரண்டாம் உலகப்போர் டாங்கி, அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் விண்வெளியில் கண்ட ‘மின்மினிகள்’. நியூசிலாந்துக் குகைப் புழுவையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். “ஒளி விடுவதால் இப்பெயர்” என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாமா? அகரவரிசையில் அடுக்கிவிடு என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர்.

க.

அன்புள்ள க.,

அகரவரிசை வேண்டாம். அந்த ஒற்றை வரியும் வேண்டாம். பூச்சியிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். சிலர் அதன் உடம்பில் இருக்கும் பொருளையே எடுத்தார்கள். சிலர் அதன் நடத்தையை எடுத்தார்கள், சிலர் தோற்றத்தை. மற்றவர்கள் எடுத்தது பெயரை மட்டும்தான். பதிவில் எதற்கு எவ்வளவு இடம் என்பதும் இதை வைத்தே தெரிந்துவிடும்.

அதிக இடம் நொதிக்குத்தான். லூசிஃபெரின் என்ற பொருள், உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, மெக்னீசியம், ஆக்சிஜன் எல்லாம் லூசிஃபெரேஸ் நொதியின் மேல் கூடும்போது ஒளி பிறக்கிறது. ஏடிபி இல்லாமல் இது நடக்காது என்பதை வில்லியம் மெக்எல்ராய் 1947இல் காட்டினார். அன்றிலிருந்து அந்த ஒளி ஓர் அளவுகோலாகிவிட்டது. எவ்வளவு ஏடிபியோ அவ்வளவு வெளிச்சம். நொதிக்கான மரபணுவை 1985இல் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு பூச்சியைப் பிடித்து அரைக்கும் வேலை இல்லை. அடுத்த ஆண்டே அந்த மரபணு ஏறிய புகையிலைச் செடி ஒளிர்ந்தது. செடி தானாக ஒளிரவில்லை, லூசிஃபெரினை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியிருந்தது. பல புத்தகங்கள் இதை விட்டுவிடுகின்றன, நீங்கள் விடாதீர்கள்.

இன்று இந்த நொதி அதிகம் புழங்குவது சமையற்கூடத்திலும் மருத்துவமனையிலும் செய்யும் தூய்மைச் சோதனையில். மேசைப் பரப்பில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரத்தைப் பஞ்சுக்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்தித் துடைத்து, குச்சியை அதன் குழாய்க்குள் செருகி, நொதிக் கரைசல் இருக்கும் முனையை உடைத்துக் குலுக்கி, ஒளிமானியில் வைத்தால் சில நொடிகளில் எண் வந்துவிடும். பிழை வரும் இடங்களும் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குச்சியை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் பயன்படுத்தினால் நொதி மந்தமாகி, எண் குறைவாகக் காட்டும். பரப்பில் குளோரின் மிச்சம் இருந்தால் அது நொதியையே கெடுத்துவிடும். அழுக்கு மேசை சுத்தமானதாகத் தேறிவிடும். எண் கூடினால் கிருமி என்றும் சொல்லிவிட முடியாது, உணவுத் துணுக்கிலும் ஏடிபி உண்டு. வைரஸில் ஏடிபி கிடையாது என்பதால் இந்தச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நிறுவனத்தின் மானி காட்டும் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

அடுத்தது நடத்தை. இங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள். மின்மினி பெயரில் கணினித் துறையில் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஷின்-ஷி யாங் 2008 வாக்கில் முன்வைத்த மின்மினி அல்காரிதம். சிறந்த விடையைத் தேடும் முறை இது. ஒவ்வொரு விடையும் ஒரு மின்மினி. நல்ல விடை என்றால் பிரகாசம் அதிகம். மங்கலானது பிரகாசமானதை நோக்கி நகரும். எவ்வளவு நகரும் என்பது தூரத்தைப் பொறுத்தது. தூரத்தின் வர்க்கத்தை காமா என்ற எண்ணால் பெருக்குகிறோம். அந்தப் பெருக்கம் கூடக் கூட ஈர்ப்பு அடுக்குமுறையில் சரிகிறது. கூடவே ஆல்ஃபா என்ற இன்னோர் எண்ணின் அளவுக்குக் கொஞ்சம் தற்செயல் அசைவு.

25 முதல் 40 மின்மினிகள் பெரும்பாலும் போதும். 40 என்றால் ஒரு சுற்றுக்கு 1600 ஒப்பீடு, எனவே எண்ணிக்கையை வீணாகக் கூட்டக் கூடாது. வழக்கமான தவறு காமாவில்தான் நடக்கிறது. விடையில் இருக்கும் மாறியின் (variable) மதிப்பு 0 முதல் 1000 வரை ஓடும்போது காமாவை 1 என்றே விட்டுவிடுவார்கள். தூரம் வெறும் 10 என்றாலே ஈர்ப்பு அநேகமாகப் பூஜ்யம். யாருக்கும் யாரும் தெரியாமல் எல்லாம் குருட்டாம்போக்கில் அலையும். மாறிகளை 0–1 எல்லைக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டும், அல்லது காமாவை எல்லை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்துக் குறைக்க வேண்டும். ஆல்ஃபாவைச் சுற்றுக்குச் சுற்று 0.97 போன்ற எண்ணால் பெருக்கித் தணிக்காவிட்டால், விடைக்குப் பக்கத்தில் வந்தும் கடைசிவரை துள்ளிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஒத்திசைவு. தென்கிழக்காசியச் சதுப்புநில மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதை ஒட்டிய கணிதம் இது. மிரோல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணித அறிஞர்கள் 1990இல் இதற்கு நிரூபணம் தந்தார்கள். பக்கத்துக் கருவி மின்னினால் என் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்தள்ளு என்பதுதான் விதி. கம்பியில்லா உணரிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர இது உதவுகிறது. செய்தி போய்ச்சேரத் தாமதமானால் ஒன்றையொன்று ஓயாமல் தூண்டிவிடும். எனவே மின்னிய பிறகு சிறிது நேரம் எதையும் கேட்காத இடைவெளி ஒன்றை வைக்க வேண்டும்.

இந்த இரண்டில் ஒத்திசைவுக் கணிதம்தான் பூச்சிக்கு நெருக்கமானது என்பேன். அல்காரிதத்தில் ஆண், பெண் பேதம் இல்லை, பிரகாசம் ஒன்றே எல்லாம். நிஜத்தில் முதலில் பேசுவது காலக்கணக்கு. ஃபோட்டினஸ் பைராலிஸ் என்ற மின்மினி இனத்தின் ஆண் சுமார் ஆறு நொடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே பறக்கும். தரையோரம் இருக்கும் பெண் ஏறக்குறைய இரண்டு நொடி கழித்துப் பதில் மின்னினால்தான் ஆண் இறங்கி வரும். ஃபோட்டுரிஸ் என்ற வேறொரு மின்மினி வகையின் பெண் இந்த இடைவெளியைக் கள்ளத்தனமாகப் பின்பற்றி, நம்பி வந்த ஆணைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் அல்காரிதத்தில் இடமில்லை. அல்காரிதம் வேலை செய்கிறது, அது வேறு விஷயம்.

தோற்றத்துக்கு கிளென் சொன்னதே நல்ல உதாரணம். 1962 பிப்ரவரி 20 அன்று சூரியன் உதிக்கும் வேளையில் கலத்தைச் சுற்றி ஒளிப்பொட்டுகள் மிதப்பதைக் கண்டு மின்மினி என்றார். மே மாதம் போன ஸ்காட் கார்ப்பென்டர் கலத்தின் உட்சுவரைத் தட்டியதும் அவை புதிதாகக் கிளம்பின. கலத்தின் வெளிப்புறத்தில் படிந்த பனித்துகள்தான் அது. அகநானூற்றின் 72ஆம் பாட்டு இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. மின்மினி மொய்த்த புற்றைக் கரடி தோண்டும்போது பூச்சிகள் தெறிப்பதைத் தீப்பொறிக்கும், கரடியைக் கொல்லனுக்கும் ஒப்பிடுகிறது. பதிவில் அதையும் சேருங்கள்.

நியூசிலாந்துப் புழுவை இங்கே சேர்க்காதீர்கள். வைட்டோமோ குகையில் ஒளிர்வது ஒரு சிறு கொசு போன்ற ஈயின் புழு, மின்மினியோ வண்டினம். அந்தப் புழுவின் லூசிஃபெரின்கூட வேறு. ‘இதையும் காண்க’ என்று அடியில் குறித்தால் போதும். ஜப்பானின் மின்மினிக் கணவாய்க்கும் அதே இடம்தான்.

மிச்சமிருப்பவை ‘ஃபயர்ஃபிளை’ என்ற ஆங்கிலப் பெயரை மட்டும் எடுத்தவை. ஃபயர்ஃபிளை ஏரோஸ்பேஸ் நிறுவனம் 2025 மார்ச் 2 அன்று நிலவில் இறக்கிய புளூ கோஸ்ட் கலத்துக்கு மட்டும் இரண்டு வரி கொடுக்கலாம், ஏனென்றால் அது ஃபாசிஸ் ரெட்டிகுலாட்டா என்ற குறிப்பிட்ட மின்மினி இனத்தின் பெயர். அந்த இனம் விட்டுவிட்டு மின்னாமல், தரையை ஒட்டித் தொடர்ந்து ஒளிர்ந்தபடி பறக்கும். ஷெர்மன் டாங்கியில் பிரிட்டிஷார் 17 பவுண்டர் பீரங்கியை ஏற்றிய வகைக்கும், ஃபேரி நிறுவனத்தின் கடற்படை விமானத்துக்கும் ஆளுக்கொரு வரி. இவற்றை மட்டும் ‘ஃபயர்ஃபிளை’ என்றே எழுதுங்கள். ‘மின்மினி டாங்கி’ என்று போட்டால் மாணவர் வேறெங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.