கறிக்கோழியின் வயிற்றுக்கொழுப்பு: தீவனமா, பிறப்பா?

கேள்வி: ஐயா, ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்று, ஏறக்குறைய ஒரே எடைக்கு வளர்ந்த கறிக்கோழிகளை அறுத்துப் பார்த்தால், சிலவற்றின் வயிற்றில் கொழுப்பு அப்பிக் கிடக்கிறது; சிலவற்றில் மிகக் குறைவாகவே இருக்கிறது. இது தீவனக் கோளாறா?
– பண்ணையாளர், பல்லடம்

பதில்: தீவனத்துக்கும் பங்கு உண்டு. எரிசக்தி மிகுந்து புரதம் குறைந்த தீவனத்தைத் தின்னும் கோழியில் வயிற்றுக்கொழுப்பு கூடும். பெட்டைகளில் சேவல்களைவிடக் கொழுப்பு அதிகம். ஆனால் தாங்கள் கவனித்த வேறுபாட்டில் பெரும்பகுதி பிறப்போடு வருவது. இதை ஐயமின்றி மெய்ப்பித்தவை, தலைமுறை தலைமுறையாக நடத்தப்பட்ட தெரிவு இனப்பெருக்க ஆய்வுகள். பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தில் கொழுத்த வழி, மெலிந்த வழி என இரண்டு கோழி வழிகளை (வம்சாவளிகளை) பிரித்து வளர்த்தனர். இரு வழிகளும் ஏறத்தாழ ஒரே அளவு தின்று ஒரே எடைக்கு வளர்ந்தன. வயிற்றுக்கொழுப்பில் மட்டும் பெரிதும் வேறுபட்டன. சீனாவின் ஹார்பின் நகரிலுள்ள வடகிழக்கு வேளாண் பல்கலைக்கழகம் 1996 முதல் இதே போன்ற இரு வழிகளைப் பேணி வருகிறது. உயிருள்ள கோழியின் வயிற்றுக்கொழுப்பை நிறுத்துப் பார்க்க வழியில்லை என்பதால், அங்கே உடன்பிறந்த கோழிகளை அறுத்து அளந்தும், இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து மிதக்கும் ‘மிகக் குறைந்த அடர்த்திக் கொழுப்புப்புரதம்’ என்ற துகளைக் கணக்கிட்டும் அடுத்த தலைமுறைக்கான பெற்றோரைத் தேர்ந்தெடுத்தனர். பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதாலேயே ஒரு பண்பு இப்படி இரு திசைகளில் விலகிச் செல்கிறது என்றால், அது மரபணுக்களின் ஆளுகையில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கேள்வி: கோழியின் உடலில் கொழுப்பு எங்கே உருவாகிறது? அதை எந்த மரபணுக்கள் இயக்குகின்றன?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பன்றியில் கொழுப்புத் திசுவே பெருமளவு கொழுப்பைத் தயாரித்துக்கொள்கிறது. கோழியில் அந்த வேலையைப் பெரிதும் செய்வது கல்லீரல். மக்காச்சோளத்திலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தைக் கொழுப்பு அமிலமாக மாற்றும் நொதிகளின் மரபணுக்களை அங்கே எஸ்ஆர்இபிபி-1 என்ற புரதம் முடுக்கிவிடுகிறது. உருவான கொழுப்பு மேலே சொன்ன கொழுப்புப்புரதத்தில் ஏறி இரத்தத்தின் வழியே செல்கிறது. கொழுப்புத் திசுவின் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள லிப்போபுரத லைப்பேஸ் என்னும் நொதி அதைப் பிரித்துச் செல்களுக்கு உள்ளே விடுகிறது. ஆக, வயிற்றுக்கொழுப்பின் அளவை இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன: கல்லீரல் எவ்வளவு அனுப்புகிறது என்பது ஒன்று, அதை வாங்கிச் சேமிக்கக் கொழுப்புச் செல்கள் எத்தனை உள்ளன, எவ்வளவு பெரியவை என்பது மற்றொன்று.

குஞ்சுப் பருவத்தில், பின்னர் கொழுப்புச் செல்லாக மாறவிருக்கும் முன்னோடிச் செல்கள் பெருகி எண்ணிக்கையில் கூடுகின்றன. வளர வளர, உருவான செல்கள் கொழுப்பால் பருத்துக்கொண்டே போகின்றன. முன்னோடிச் செல் கொழுப்புச் செல்லாக முதிரும் திருப்பத்தை ஆள்வது பிபிஏஆர்-காமா என்ற புரதம். சி/இபிபி-ஆல்ஃபா அதற்குத் துணை நின்று, கொழுப்பு அமிலத்தை ஏந்திச் செல்லும் புரதத்தையும், கொழுப்புத் துளியைச் சூழ்ந்து காக்கும் பெரிலிபினையும் செல் உற்பத்தி செய்ய வழி திறக்கிறது. காட்டா-2 போன்ற புரதங்கள் இதற்கு எதிராக நின்று முதிர்ச்சியைத் தடுக்கின்றன. ஆய்வகத்தில் எலியின் முன்னோடிச் செல்களை முதிரச் செய்ய இன்சுலின் முதலிய ஹார்மோன்களின் கலவை போதும். கோழிச் செல்களுக்கோ ஒலீயிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தையும் கொடுத்தால்தான் அவை நன்றாக முதிர்கின்றன. கல்லீரல் அனுப்பும் கொழுப்பை நம்பி வாழும் திசுவுக்கு இது பொருத்தமான இயல்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாலூட்டிகளின் பாடத்தை அப்படியே கோழிக்குப் பொருத்துவது தவறு என்பதற்கு லெப்டின் சிறந்த சான்று. பாலூட்டிகளில் கொழுப்புத் திசுவே இந்த ஹார்மோனைச் சுரந்து, சேமிப்பு நிரம்பிவிட்டது என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. 1998-இல் கோழியின் லெப்டின் மரபணு என்று வெளியான வரிசை, சுண்டெலியின் வரிசையை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. 2004-இல் கோழியின் மரபணுத்தொகுதி வெளியானபோது அதில் அந்த வரிசை காணப்படவில்லை. உண்மையான மரபணு அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலான பின்னரே இனங்காணப்பட்டது. அதுவும் கொழுப்புத் திசுவில் செயல்படுவதாகத் தெரியவில்லை. அப்படியானால், நிறையத் தின்னும் கோழிக்கு அதன் கொழுப்புத் திசு பாலூட்டியில் போல ‘போதும்’ என்று சொல்வதில்லை.

கேள்வி: ஹார்மோன் ஊசி போடுவதால்தான் பிராய்லர் கொழுக்கிறது என்கிறார்களே?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: அது தவறான நம்பிக்கை. கனடாவில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி வழிகளை ஒரே தீவனத்தில் ஒன்றாக வளர்த்துப் பார்த்தனர். 56 நாள் வயதில் அவற்றின் சராசரி எடை முறையே 905, 1,808, 4,202 கிராம். தீவனம் மாறவில்லை, ஊசியும் இல்லை. மாறியது பிறப்பு மட்டுமே.

கேள்வி: அப்படியானால் கொழுப்பே இல்லாத கோழியை உருவாக்கலாம் அல்லவா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். வயிற்றுக்கொழுப்பு பெரும்பாலும் வீணாகும் தீவனம்தான், குறைய வேண்டியதுதான். ஆனால் இறைச்சியின் சுவையும் மென்மையும் தசைக்குள் இழையோடும் கொழுப்பைச் சார்ந்தவை. கண்மூடித்தனமாக மெலிந்த கோழிகளையே தேர்ந்தெடுத்தால் அதையும் இழக்க நேரலாம். வயிற்றில் குறைத்துத் தசையில் நிலைநிறுத்தும் மரபணு வேறுபாடுகளைத் தேடுவதே ஆய்வாளர்களின் இன்றைய கவலை. முட்டையின் மஞ்சள் கருவுக்கான கொழுப்பைத் தருவதும் அதே கல்லீரல்தான் என்பதால், தாய்க்கோழியில் நிலைமை இன்னும் நுட்பமானது: அளவுக்கு மீறிக் கொழுத்தால் கருமுட்டைகள் ஒழுங்கின்றி முதிர்ந்து முட்டையிடுதல் குறையும். ஆகவேதான் பிராய்லர் தாய்க்கோழிகளுக்கு வயிறு நிறையத் தீவனம் போடாமல் அளந்து வைக்கிறார்கள்.