திருமலைக்கு சுனாமி என்று வந்த வட்ஸ்அப் செய்தி

தம்பி, வாசிகசாலைக்கு வரும் ஐயா ஒருவர் "இன்றிரவு திருமலைக்கு சுனாமி" என்ற செய்தியை நம்பிப் பதறுகிறார், பொய் என்றால் கோபிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட திருகோணமலையின் பயம் அது. "பொய்" என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம்.

ஃபோனை அவர் கையிலேயே விட்டுப் பக்கத்தில் இருங்கள். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது 5 தடவை கை மாறி வந்தது. திகதி எங்கே என்று அவரையே தேடச் சொல்லுங்கள். வெறும் "இன்றிரவு" எந்த வருசத்து இரவாகவும் இருக்கலாம். பிறகு ஸ்பீக்கரில் போட்டு 117க்கு எடுக்கட்டும், அது இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதிகாரியின் குரலை அவர் காதாலேயே கேட்பதுதான் முக்கியம்.

செய்தியோடு படமும் வந்திருந்தால், அதைக் கூகுள் லென்ஸில் (படத்தை வைத்துத் தேடும் கருவி) தேடுங்கள். முழுப்படம் சரிவராவிட்டால் கடைப் பெயர்ப்பலகை, வாகன இலக்கத்தகடு தெரியும் துண்டை மட்டும் வெட்டிப் போடுங்கள். நாலு இணையத்தளத்தில் வந்தது என்பாரானால் வசனங்களை ஒப்பிட்டுக் காட்டுங்கள்: எழுத்துப்பிழையும் ஒன்றாக இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது போட்டது.

கடல் உள்வாங்குவதைக் கண்ணால் கண்டால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.