மில் அப்புறம், முதலில் தராசு

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து போடும் சின்ன ஊர் எங்களுடையது. தமிழ்க் குடும்பங்கள் 40. ஆளுக்கு மூன்று ஏக்கர், ஏக்கருக்குப் பத்துக் கூடை தேறும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் ஊர் நிதி கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. என்னைத் தலைவராக்கிவிட்டு, பருப்பு மில் போடச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

வாசகர், பெகு வட்டாரம்

அன்புள்ள ஐயா,

மில் வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் ஊர் விளைச்சல் 1200 கூடை. கூடைக்கு 20 வீசை, அதாவது 32.6 கிலோ என்றால் மொத்தம் 39 டன். மணிக்கு 300 கிலோ உடைக்கும் சின்ன மில்கூட இதைப் பதினாறு, பதினேழு நாளில் முடித்துவிடும். மிச்ச நாளெல்லாம் பூட்டுத்தான். தவிர, இந்தியா உங்களிடம் வாங்குவது முழு உளுந்து.

பணம் போகும் ஓட்டை வேறு. விதைக்கும் உரத்துக்கும் தரகரிடம் கடன் வாங்கியவர், களத்திலேயே அவர் சொன்ன விலைக்குக் கொட்டிவிடுகிறார். எனவே ஊர் நிதியை முன்பணமாகச் சுழற்றுங்கள். கிடங்கில் உளுந்தை வைப்பவருக்கு அன்றைய விலையில் 60 விழுக்காடு. அதில் அவர் கடனை அடைப்பார், உளுந்து காத்திருக்கும். முதல் ஆண்டு 200 கூடைக்கு மேல் தொடாதீர்கள்.

சண்டை எங்கே வரும் தெரியுமா? ஈரத்தில். 14 விழுக்காடு ஈரத்தோடு வந்த உளுந்து 11க்குக் காய்ந்தால், நூறு கிலோவுக்கு 3.4 கிலோ தானாகக் குறையும். 200 கூடையில் ஏறக்குறைய ஏழு கூடை. யாரும் திருடவில்லை, ஆனால் பழி தலைவர் தலையில்தான். ஆகவே ஈரமானி வாங்குங்கள். தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொருமுறை கிளறி, 12க்குக் கீழே இறங்கிய பிறகே எடை போட்டு வரவு வையுங்கள். கல்லும் உடைசலும் சலிப்பது அதற்கு முன்னால். எஃப்.ஏ.கியூ. என்ற சராசரித் தரம், எஸ்.கியூ. என்ற சிறப்புத் தரம் இரண்டையும் ஒரே குவியலில் கலந்தால் மட்டமானதன் விலைதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கும்.

வண்டு கிடங்கில் மட்டும் பிறப்பதில்லை. வயலிலேயே காயில் முட்டையிட்டு, மணிக்குள் புழுவாக உங்களோடு கிடங்குக்கு வருகிறது. ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை. காற்றுப் புகாத உள்பை போட்டு இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டிச் சாகும். ஈரத்தோடு கட்டினால் மட்டும் பூஞ்சணம் பிடித்துவிடும். மூட்டையை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

விலை ஏறட்டும் என்று முழுவதையும் பிடித்து வைக்கவும் கூடாது. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்குத் திடீரென அளவு கட்டியபோது, பர்மாவில் உளுந்தைத் தேக்கி வைத்திருந்தவர்கள் அடிவாங்கினார்கள். 2021இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் வந்தது. ஆனாலும் டெல்லியில் போடும் கையெழுத்து உங்கள் களம்வரை எட்டும். மூன்றில் ஒரு பங்கை உடனே விற்றுவிடுங்கள். மிச்சத்தை மே மாதக் கடைசியில் மழை இறங்குமுன் முடித்துவிடுங்கள். ரங்கூன் பயின்னவுங் சந்தை விலையைத் தினமும் கேட்டு, கிடங்குக் கதவில் சாக்கட்டியால் எழுதுங்கள்.

எடை போடுபவர், கணக்கு எழுதுபவர், பணம் வைத்திருப்பவர் மூவரும் வேறு வேறு வீடாக இருக்கட்டும். பங்காளிகளாகவும் இருக்கக் கூடாது. கோயில் பணத்தோடு இதைக் கலக்காதீர்கள். தீமிதிச் செலவு வந்தால் கைமாற்று என்று தொடங்கி, அது திரும்பி வராது. கணக்கைப் பர்மிய எழுத்திலேயே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளில் பலர் சரளமாக வாசிப்பது அதைத்தான். அக்கம்பக்கத்துப் பர்மியரும் கரேன் குடும்பங்களும் நாளைக்கு உளுந்து கொண்டுவந்தால் அவர்களும் வாசிக்க வேண்டும்.

தரகரைப் பகைக்காதீர்கள். லாரி அவரிடம்தான் இருக்கிறது. இருபது மூட்டையாகச் சேர்த்து விலை கேட்டால் அவரே கூட்டிக் கேட்பார்.

விதைப்புக்கு முன் வாங்க வேண்டியது தராசும், அதைச் சோதிக்க ஒரு பத்து வீசை எடைக்கல்லும். உங்கள் பர்மா வீசை 1.63 கிலோ, பழைய சென்னை வீசை 1.4 கிலோதான். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த எடைக்கல் யார் வீட்டிலாவது கிடந்தால் அதைத் தராசுப் பக்கம் விடாதீர்கள்.