நிற்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்: பிளாக் பெல்ட் தேர்வு, கேள்வி பதில்

மதுரை எல்லீஸ் நகரில் ஒரு மொட்டை மாடியில் டேக்வாண்டோ சொல்லிக் கொடுக்கிறேன். அடுத்த மாதம் பிளாக் பெல்ட் தேர்வுக்குப் போகிறவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தென் கொரியாவில் இருக்கும் டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவான், அதன் முறையில் பயில்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மேலூரிலிருந்து ஒரு அம்மா: மாஸ்டர், என் பையனுக்கு 13 வயது. பிளாக் பெல்ட் கிடைக்காது, 'பூம்' தான் தருவார்கள் என்கிறார்கள். இத்தனை வருட உழைப்புக்கு அது குறைவில்லையா?

குறைவே இல்லைம்மா. பிளாக் பெல்ட்டின் படிநிலைகளை 'டான்' என்பார்கள். 15 வயது நிறையாதவர்களுக்கு 'டான்' என்பதற்குப் பதிலாக 'பூம்' என்ற பெயரில் தருவார்கள். பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருக்கும். பாடம் அதேதான். வயது வந்ததும் அதை டானாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பையனிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தேர்வு முடிந்து கையில் சிவப்பும் கறுப்புமாக வந்து நிற்கும்போது பிள்ளையின் முகம் வாடக் கூடாது.

திருமங்கலம், பிளஸ் டூ மாணவி: எந்தப் பூம்சே கேட்பார்கள்? எட்டாவதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதுமா மாஸ்டர்?

போதாதும்மா. பூம்சே என்றால் தனியாக நின்று வரிசை மாறாமல் செய்யும் தடுப்பு, குத்து, உதைகளின் கோவை. தேகுக் என்ற வரிசையில் உள்ள எட்டுப் பூம்சேயும் தெரிந்திருக்க வேண்டும். எட்டாவதான பால் ஜாங்கோடு, முந்தையவற்றில் எதையாவது ஒன்றை அங்கேயே சொல்லிச் செய்ய வைப்பார்கள் என்று நினைத்துத் தயாராகுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் தடுமாறுவது எட்டில் இல்லை, ஒன்றில்தான். முதல் பூம்சேயான இல் ஜாங் வெள்ளை பெல்ட்டில் படித்தது, அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் இரண்டே நிலைகள். 'ஆப் சோகி' சாதாரணமாக நடக்கும்போது எடுத்து வைக்கும் ஓர் எட்டு அளவு. 'ஆப் குபி' ஏறக்குறைய ஒன்றரை எட்டு, முன் முழங்கால் மடங்க வேண்டும். சீனியர் பிள்ளைகள் இரண்டையும் ஒரே நீளத்தில் போட்டுவிடுவார்கள். பார்க்கிறவருக்கு அது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். பின்னங்காலில் கனம் விழும் 'த்விட் குபி', ஏழாவது பூம்சேயில் வரும் புலி நிலை, இவற்றையும் தனித்தனியாக நின்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் முப்பது நொடி நின்றால் எது பலவீனம் என்று தொடையே சொல்லிவிடும்.

இன்னொன்று. என் முதல் தேர்வில் நான் தோற்றேன். அப்போது தினமும் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றுதான் ஆரம்பிப்பேன். திரும்ப வேண்டிய இடமெல்லாம் தொட்டியை வைத்துத்தான் மனதில் பதிந்திருந்தது. தேர்வுக் கூடத்தில் தொட்டி ஏது? ஏழாவது பூம்சேயின் நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே பிடிக்கவில்லை. அதனால் இப்போது என் பிள்ளைகளை நான்கு திசையிலும் மாற்றி மாற்றி நிற்க வைக்கிறேன். ஆரம்பிக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பூம்சே முடியும்போது அதே புள்ளிக்குக் கால் வர வேண்டும். ஒரு அடி தள்ளி முடிந்தால் வழியில் ஏதோ ஒரு நிலை நீண்டோ குறுகியோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

திருநகர், 38 வயது, வங்கி ஊழியர்: இடுப்புக்கு மேல் என் கால் எழும்பவில்லை. தேர்வுக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள் சார். தலைக்கு உதைத்துத் தள்ளாடுவதைவிட, இடுப்பு உயரத்துக்கு உதைத்து அசையாமல் நிற்பது எவ்வளவோ மேல். உதைக்கிற காலைவிட ஊன்றிய காலைக் கவனியுங்கள். பக்கவாட்டு உதையில் ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்க்கத் திரும்ப வேண்டும். அது திரும்பாவிட்டால் இடுப்பு திறக்காது, முழங்காலும் வலிக்கும். முழங்காலை முதலில் மடக்கித் தூக்கி, அப்புறம் நீட்டி, மறுபடி மடக்கிக் கீழே வையுங்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பத்துப் பத்தாகச் செய்தால் போதும். கால் விரிக்கும் பயிற்சியை உடம்பு சூடான பிறகு, வகுப்பு முடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலங்காநல்லூர், கல்லூரி மாணவர்: ஐந்து வருடம் சிலம்பம் ஆடியவன். அது உதவுமா, கெடுக்குமா?

உதவும் தம்பி. கால் வரிசை ஆடியவனுக்குத் திரும்புவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை மட்டும் கம்பு பிடித்த பழக்கத்தில் அகலமாகச் சுற்றும். டேக்வாண்டோவில் ஒரு கை தடுக்கும்போது மற்றது இடுப்புக்கு வந்து நிற்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அதை மட்டும் பாருங்கள்.

வில்லாபுரம், 16 வயது: பலகை உடைப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயம் எல்லோருக்கும் வரும். பல மாஸ்டர்கள் தேர்வில் இதையும் வைப்பார்கள், அதனால் தயாராகத்தான் வேண்டும். பலகையில் மரத்தின் ரேகை ஓடும் திசையைப் பாருங்கள். பலகை ரேகையை ஒட்டித்தான் பிளக்கும். அடி நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் பட்டால் உடையாது. இலக்கு பலகையின் முகத்தில் இல்லை, அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்று நினைத்து உதையுங்கள். கடைசி நொடியில் தயங்கி வேகத்தைக் குறைத்தால் பலகை உடையாது, அந்த விசை முழுவதும் காலுக்கே திரும்பும். வலிப்பது அப்போதுதான். முன் உதையில் விரல்களை மேலே மடக்கி, அதற்குக் கீழே உள்ள மேட்டால் அடிக்க வேண்டும். பக்கவாட்டு உதைக்குக் குதிகாலோ பாத ஓரமோ.

பலகை பிடிப்பவரையும் முன்னமே பேசி வையுங்கள். அவர் முழங்கையைத் தளர்த்திப் பிடித்தால் பலகை பின்னால் போகும், உங்கள் உதை வீணாகும். சின்னப் பிள்ளைகளை முஷ்டியால் உடைக்க விடாதீர்கள். வளரும் எலும்பு அது.

உசிலம்பட்டி, ஒரு அப்பா: சண்டைப் பகுதியில் மகள் தோற்றுவிட்டால்?

அங்கே ஜெயிப்பதைப் பார்ப்பதில்லை. கை காவலில் இருக்கிறதா, தூரம் தெரிகிறதா, அடி வாங்கியும் முன்னால் வருகிறாளா என்றுதான் பார்ப்பார்கள். பல் காப்பு, கால் காப்பு எல்லாம் போட்டுப் பழகிய பழையதாக இருக்கட்டும்.

தெப்பக்குளம் பக்கம், ஒரு அக்கா: முந்தின நாள் என்ன கொடுக்க?

ராத்திரி பரோட்டா வேண்டாம். காலையில் தேர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நாலு இட்லி போதும். சித்திரை வெயிலில் தேர்வு என்றால் முந்தின நாளே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கொண்டு போங்கள்.

ஊர் சொல்லாத ஒருவர்: பணம் கட்டச் சொல்கிறார்கள். சான்றிதழ் எங்கிருந்து வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டுவதற்கு முன்னால் உங்கள் மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. கிளப் தருகிற சான்றிதழ் வேறு, சியோலில் 1972 முதல் இருக்கும் குக்கிவான் தருவது வேறு. குக்கிவான் சான்றிதழில் ஒரு எண் இருக்கும், அதை அவர்கள் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) என்ற வேறு அமைப்பின் முறை என்றால் பூம்சேக்குப் பதில் சோன்ஜி, டான்குன் என்று வேறு வரிசை வரும், மேலே நான் சொன்ன பாடம் அங்கே பொருந்தாது. பதிவில் பெயர் எழுதும்போது பாஸ்போர்ட்டிலோ ஆதாரிலோ இருக்கிற எழுத்திலேயே கொடுங்கள். இன்ஷியலை முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் எழுதிவிட்டு, அடுத்த டானுக்குப் போகும்போது அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.